வீட்டிலேயே சுத்தமான ஆள்

பதினோரு மணி நேரம். விரல் விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டாள். நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு, பெயின்ட் கம்பெனியின் பின்பக்கப் படிக்கட்டில் கடைசி சிகரெட்டை மிதித்து அணைத்தாள். இப்போது காலை ஆறு. குளியலறைக் கதவுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். உள்ளே, அவள் கையில் மூடி போட்ட ஒரு சின்ன டப்பா.

நிகோடின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பில் பாதியாகக் குறையும். ஐந்து முறை பாதியானால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அவள் வேதியியல் படித்தவள், பெயின்ட் கம்பெனி லேபில் வேலை. கணக்கு சரியாகத்தான் வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். குடும்பத்துக்கு அவர் கம்பெனி எடுத்திருந்த மருத்துவக் காப்பீட்டில் புது விதி வந்திருந்தது. சிகரெட் குடிக்கிறவர்களுக்கு மாதப் பிடித்தம் ஒன்றரை மடங்கு. குடிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் சிறுநீர்ச் சோதனையில் தேற வேண்டும். டப்பாவை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள்.

முந்தின நாள் இரவு சாப்பிடும்போது அதே பேச்சுதான்.

"சரியான விதி," என்றாள் அம்மா. "ஊதித் தள்ளுறவன் நெஞ்சைக் கெடுத்துக்கிட்டுப் போய்ப் படுப்பான். அதுக்கு ஊதாதவன் காசு கட்டணுமா?"

"அப்ப கோவக்காரங்களுக்கும் ஏத்தணும்," என்றார் அப்பா. "ரத்தக் கொதிப்பு கோவத்துலதானே வருது? உன் ஒருத்தி பணத்துலயே ஒரு ஆஸ்பத்திரி கட்டிடுவாங்க."

"என் கோவத்துக்குக் காரணம் யாரு? அதையும் உங்க கணக்குலதான் ஏத்தணும்."

அப்பா சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிகரெட்டை விட்ட இந்த ஐம்பது நாளாக வீட்டில் சிரிப்பு சுலபமாக வந்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய கையில் வாசனை இருக்கிறதா என்று அப்படியே முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

அம்மா பாத்திரம் கழுவப் போனதும் அப்பா நாற்காலியை நெருக்கிப் போட்டார்.

"பாப்பா, காலையில எனக்குப் பதிலா நீ குடுத்துடேன்."

"எதைப்பா?"

"அதான்... டப்பாவுல." உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவரும் நிறுத்தினார். சத்தம் தொடங்கியதும் தொடர்ந்தார். "ஒண்ணுகூடத் தொடலை. ஆனா முப்பது வருஷம் ஊறின உடம்பு. எங்கேயாவது ஒளிஞ்சிருந்து காட்டிக் குடுத்துட்டா? உங்கம்மா மூஞ்சியில முழிக்க முடியாது. நீதான் நம்ம வீட்டுலயே சுத்தமான ஆள்."

ஐம்பது நாளுக்குப் பிறகு உடம்பில் எதுவும் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும். "உங்களோடதே போதும்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் விட்டுவிட்டார் என்று அவள் நம்பவில்லை. அவளும்தான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் விட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்தைக்கூடத் தாண்டியதில்லை. தன்னை வைத்துத்தான் அவரையும் எடை போட்டாள்.

சொல்ல வேண்டிய இன்னொரு வார்த்தையும் இருந்தது. அது தொண்டைக்குக்கூட வரவில்லை.

"சரிப்பா," என்றாள்.

காலையில் அப்பா கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள். "சாப்பாட்டு டப்பாவோடயா அதையும் வெச்சிருக்கீங்க? மத்தியானம் மாத்தித் திறந்து தொலைக்காதீங்க."

அன்று மதியம் லேபில் பெயின்ட் சாம்பிள் காய்வதற்காகக் காத்திருந்தபோது, அந்தச் சோதனையைப் பற்றி போனில் தேடிப் படித்தாள். அவர்கள் நிகோடினைத் தேடுவதில்லை. உடம்பு அதை மாற்றி வைக்கிற கோட்டினைனைத்தான் தேடுகிறார்கள். அது பாதியாகக் குறையவே முக்கால் நாள் ஆகும். சுத்தமாகப் போக மூன்று நான்கு நாளாவது வேண்டும். கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் எழுதியதும்கூட. காது மடல் சூடானது. அப்போதே அப்பாவுக்கு போன் செய்திருக்கலாம். டப்பா இன்னும் அவர் பையிலேயே இருந்திருக்கலாம். அவள் எழுந்து பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் முடிவு அப்பாவின் போனுக்கு வந்தது. கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு அவர் போனை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா படித்தாள். மறுபடியும் படித்தாள். "சிகரெட் குடிக்கிறவர்னு வந்திருக்கு."

"என்னது? நான் தொடவே இல்ல! அது என்னோட—"

சொல்லிக்கொண்டே மகள் பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாய் திறந்தபடி ஒரு கணம் நின்றது.

"என்னோட?" என்றாள் அம்மா.

"என்னோட தப்புதான். ஒண்ணே ஒண்ணு குடிச்சேன்."

அம்மா கத்தவில்லை. போனை மேசைமேல் வைத்தாள். "அடுத்த வருஷம்தான் மறுபடி சோதனையாம். அதுவரைக்கும் ஊதுங்க. மாசாமாசம் கட்டிக்கலாம்."

அதற்குப் பிறகு அம்மா அப்பாவிடம் நேராகப் பேசவில்லை. "உங்கப்பாவுக்குச் சோறு வேணுமான்னு கேளு." "உங்கப்பாவைக் கதவைச் சாத்தச் சொல்லு." நடுவில் நின்று அவள்தான் அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தாள்.

ஒருநாள் காலை, அப்பாவோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "அப்பா, அது..." என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் பாப்பா. எனக்கு ஏச்சு பழகிப்போச்சு." பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குப் பழக்கம் கிடையாது. தாங்க மாட்டே."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. உன்னுடையதா என்று கேட்கவில்லை. எத்தனை நாளாக என்றும் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா துணி துவைக்கிற இயந்திரத்துக்கு முன்னால் குனிந்திருந்தாள். கையில் அப்பாவின் வேலைச் சட்டை. காலரை முகர்ந்தாள். பையைப் புரட்டி, அதையும் முகர்ந்தாள். முப்பது வருஷம் செய்த வேலை, நடுவில் ஐம்பது நாள்தான் ஓய்வு. அந்தச் சட்டையில் கிரீஸ் வாசனையைத் தவிர வேறெதுவும் இருந்திருக்காது. ஆனாலும் அம்மா விடவில்லை. பக்கத்துக் கூடையில் மகளின் சுடிதார் கிடந்தது. அதை எடுத்தாள். முகர்ந்து பார்க்க வேண்டும் என்றே தோன்றாமல் உள்ளே போட்டாள்.

பார்த்துக்கொண்டு நின்ற மகளுக்குக் கூசிப்போயிற்று.

"அம்மா."

"வந்துட்டியா? டீ போடட்டுமா?"

"அப்பா குடிக்கலைம்மா."

"நீ அவருக்கு வக்காலத்து வாங்காதே. டெஸ்ட்டு பொய் சொல்லுமா?"

"டெஸ்ட் சரிதான். அப்பா பயந்துபோய் என்னைக் குடுக்கச் சொன்னாரு. அந்த டப்பாவுல இருந்தது என்னோடது."

அம்மா நிமிர்ந்தாள். சட்டை இன்னும் கையில் இருந்தது. குழம்பிப்போன முகத்தில் மெல்ல ஒரு சிரிப்புகூட எட்டிப் பார்த்தது.

"பைத்தியமா உனக்கு? உன்னோடதுன்னா சுத்தமாத்தானே வந்திருக்கணும்?"

அவள் அம்மாவின் கையிலிருந்து அப்பாவின் சட்டையை வாங்கிக்கொண்டாள்.

"நான் சிகரெட் குடிக்கிறேம்மா."