பெட்டிக்குள் ஒரு அக்கா

போன் காசு அந்தத் தெருவுக்குள் முதலில் நுழைந்தது ரொட்டிக்கடை வழியாகத்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். போனை அதன் அருகே காட்டினால் போதும், கணக்கிலிருந்து பணம் போய்விடும், பெட்டி வாய் திறந்து, "பணம் வந்து சேர்ந்தது. நன்றி" என்று சொல்லும். முதல் நாள் ரொட்டி வாங்க வந்தவர்களைவிடப் பெட்டி பேசுவதைக் கேட்க வந்தவர்கள்தான் அதிகம்.

"அட, இது நம்ம மைக் அக்கா குரலாச்சே!" என்று கண்டுபிடித்தவர் பக்கத்துக் கடை முடிதிருத்துபவர்.

அவள் குரலேதான். பேருந்து நிலையத்தில், எந்தப் பேருந்து எந்த வாசலில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் மைக் அக்கா. அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் கம்பெனிக்காரர்கள் அவளை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய், எண்களையும் நாலைந்து வாக்கியங்களையும் பேசவைத்துப் பதிந்துகொண்டார்கள். அவள் கடவுளுக்குப் பயந்தவள். காலையில் மைக்கைத் தட்டுவதற்கு முன்னால் கண்ணை மூடி, 'என் வாயிலிருந்து வருகிற சொல் யாரையும் சுடக்கூடாது' என்று வேண்டிக்கொள்வாள். தன் குரல் கடைகடையாக நன்றி சொல்லப்போகிறது என்பதில் அவளுக்கு நிறைந்த சந்தோஷம்.

அப்புறம் முடிதிருத்தும் கடை, காய்கறிக்கடை, மருந்துக்கடை என்று பெட்டி பரவியது. சலவைக்கடை முதலாளி ஆட்களுக்குச் சம்பளத்தையே போன் காசாகப் போட்டார். அதைத் தெருவே அதிசயமாகப் பேசி முடிப்பதற்குள் மருந்துக்கடைக் கண்ணாடியில் ஓர் அட்டை தொங்கியது: 'போன் காசு மட்டும்.'

வேலை முடிந்து வரும்போது மைக் அக்காவுக்கு நடையே தடுமாற ஆரம்பித்தது. ஒரு வாசலில் அவள் குரல் தொடங்கும். அது முடிவதற்குள் எதிர்வாசலில் இன்னொன்று தொடங்கும். தனக்குள் தானே பேசிக்கொள்ளும் ஒருத்தியின் நடுவே நடந்து போவதுபோல் இருக்கும். ரொட்டிக்கடைக்காரரின் கைக்குழந்தை அவள் பேசினால் அவளைப் பார்க்காது. தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கும்.

"வீட்டுலயும் நீ, கடையிலயும் நீ. மனுஷன் எங்கதான் ஓடுறது?" என்று கணவன் கிண்டலடித்தான். ஆனால் ஒரு சாயங்காலம் முகம் வெளுத்துப்போய் வந்து உட்கார்ந்தான். "காய்கறிக்கடையில என் பின்னாடி நீ பேசினே. நான் 'இதோ வரேன்'னு பதில் சொல்லிட்டேன்டி" என்றான். அன்றைக்கு இருவருமே சிரிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் கீழ்வீட்டு இஸ்திரிக்காரி அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிந்தது. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அக்கா அக்கா என்று உயிரை விடுகிறவள். ஒருநாள் மாடிப்படியில் நேருக்குநேர் வந்ததும் மைக் அக்கா வழியை மறித்தாள்.

"என்னம்மா, என்மேல என்ன கோவம்?"

"கோவப்பட நான் யாருக்கா?" என்றவள் ஒரு படி இறங்கி நின்றாள். பொறுக்கமுடியாமல் திரும்பினாள். "எனக்கு முன்னாடி நின்ன அம்மாவுக்கு அவ்வளவு மரியாதையா நன்றி சொன்னீங்க. என் முறை வந்ததும் ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? மருந்துக்கடை நிறைய ஆளு. எல்லாரும் என்னையே பாத்தாங்க."

"நான் அங்க இல்லவே இல்லையே!"

"குரல் உங்களோடதுதானே? எங்கேயோ உக்காந்து பாத்துட்டுத்தானே சொல்றீங்க?"

அவள் விளையாடவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவள் மகளுக்கு மூச்சிழுப்பு நோய். வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துக்குழல் தீர்ந்துபோய்விட்டது. சம்பளம் கணக்கில் ஏறிவிட்டது என்று நம்பிக் கடைக்குப் போயிருக்கிறாள், ஏறவில்லை. பெட்டி அதை ஊர் கேட்கச் சொல்லிவிட்டது. குழல் வாங்காமலே வந்தவள், அதற்கப்புறம் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை.

"அதுக்கென்ன, நானே வாங்கித் தரேன்."

"வேணாங்க்கா. கடையில இல்லன்னு கத்திட்டு, படிக்கட்டுல வெச்சு குடுக்கறீங்களா?" கதவு சாத்திக்கொண்டது.

மைக் அக்கா நேராக மருந்துக்கடைக்குப் போனாள். "அண்ணே, காசு இல்லாட்டி பெட்டி என்ன சொல்லும்?"

"உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர், கணக்கில் எதுவும் இல்லாத தன் பழைய போனை எடுத்துப் பெட்டியிடம் காட்டினார்.

"உங்கள் கணக்கில் போதிய பணம்..." என்று தொடங்கியது பெட்டி. அதுவரை அது பேருந்து நிலையத்துக் குரல். பிறகு ஒரு சின்ன மூச்சு. "இல்ல."

அந்தக் கடைசிச் சொல் மைக்கில் பேசுகிற குரல் அல்ல. அது அவள் வீட்டுக்குரல். அலுத்துப்போய், முகம் பாராமல், அதற்குமேல் பேச்சே வேண்டாம் என்று தட்டிவிடுகிற குரல். அவள் அதை எந்த மைக்கிலும் சொன்னதாக நினைவில்லை.

மறுநாள் மதியமே ஸ்டூடியோவுக்குப் போனாள். ஒலிப்பதிவு செய்கிற தம்பி எழுந்து நாற்காலி போட்டான். விஷயத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க போனதுக்கப்புறம்தான்க்கா அந்த வாக்கியம் வேணும்னாங்க. மத்ததெல்லாம் ஒட்டிட்டேன். கடைசிச் சொல் மட்டும் கிடைக்கல. தேடினேன்." ஒரு பொத்தானை அழுத்தினான். அறைக்குள் அவன் குரலே கேட்டது: 'அக்கா, ரொம்பக் களைப்பா இருக்கா?' அதற்கு அவள் குரல்: 'இல்ல.'

களைத்துப்போயிருந்ததை மறைக்க, அவன் மனம் நோகக்கூடாது என்று சொன்ன சொல். அதை வெட்டியெடுத்து ஆயிரம் பேர் முகத்தில் எறிந்திருக்கிறார்கள்.

"எடுத்துடு தம்பி."

"நான் எடுக்க முடியாதுக்கா. இந்த வாரம்தான் பத்தாயிரமாவது கடை. கேக் எல்லாம் வெட்டினோம். சத்தமா சொன்னாத்தான் ஜனங்க முன்கூட்டியே கணக்குல பணம் போட்டு வைக்கறாங்கன்னு மேல இருக்கறவங்களுக்கு ஒரே குஷி."

"அப்போ நான் வேற மாதிரி சொல்லித் தரேன். கொஞ்சம் தன்மையா."

அவன் தயங்கினான். "இனிமே நீங்க பேசவே வேணாம்க்கா. மெஷின் உங்க குரலைப் படிச்சிடுச்சு. எழுதிக் குடுத்தா அதுவே பேசும்." நம்பவைப்பதற்காகவோ, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமலோ, ஏதோ தட்டினான்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க" என்றது அவள் குரல்.

அவளிடமே அவள் குரல் மன்னிப்புக் கேட்டது. வெயில் நேரத்திலும் அந்த அறை சில்லிட்டதுபோல் இருந்தது. "எழுதிக் குடுக்கறதைத்தான் பேசும்னா, யாரோ ஒரு நல்ல மனுஷன் நல்லதா எழுதலாமே தம்பி" என்று மட்டும் சொன்னாள். "கேட்டுப் பாக்கறேன்க்கா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அது அவன் கையில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது படிக்கட்டிலேயே அந்தச் சத்தம் கேட்டது. கதவுக்கு அப்பால், ஓட்டை வழியே காற்று நுழைவதுபோல் குழந்தையின் மூச்சு விசிலடித்தது. கதவைத் தட்டினாள். இஸ்திரிக்காரி பயந்த முகத்தோடு திறந்தாள்.

"முதலாளி சம்பளம் போட்டுட்டேன்னு சொல்றார். ஆனா கடைக்குப் போக..."

"நானும் கூட வரேன். பெட்டி பேசறப்போ என் தொண்டையில கைய வெச்சுக்கோ. நான் பேசினா உனக்குத் தெரிஞ்சிடும்."

குழந்தையைப் பார்த்துக்கொள்ள மைக் அக்காவின் கணவன் கீழே இறங்கி வந்தான். பெண்கள் இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

மருந்துக்கடையில் கூட்டம். கடைக்காரர் குழலை எடுத்து மேசையில் வைத்தார். இஸ்திரிக்காரி இடதுகை விரல்களை மைக் அக்காவின் தொண்டையில் பதித்தாள். சூட்டில் காய்த்துப்போன விரல்கள். வலதுகையால் போனை நீட்டினாள். கூட்டம் இவர்களை வேடிக்கை பார்த்தது.

"உங்கள் கணக்கில் போதிய பணம்..."

மைக் அக்கா உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள்.

"இல்ல."

தொண்டை அசையவில்லை. இஸ்திரிக்காரியின் கண்கள் விரிந்தன. ஆனால் மைக் அக்காவின் நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது. தான்தான் சொன்னோம் என்று, வாய் மூடியிருந்தும், ஒரு கணம் அவளே நம்பிவிட்டாள். அந்தச் சொல் இந்தக் கணத்தில் இன்னும் எத்தனை கடைகளில், யார் யாரைத் தலைகுனிய வைத்துக்கொண்டிருக்கிறதோ!

இறுக்கிய உதடுகளைத் திறந்தாள். "இருக்கு" என்றாள். "என்கிட்ட இருக்கு."

விரல்களுக்கடியில் தொண்டை அதிர்ந்தது. இஸ்திரிக்காரி கையை எடுக்கவேயில்லை. ஒரே குரல் ஒரே கடையில் இரண்டு விதமாகச் சொன்னதைக் கேட்டுக் கூட்டம் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. மைக் அக்கா தன் போனைக் காட்டினாள். "பணம் வந்து சேர்ந்தது. நன்றி" என்றது பெட்டி. மறுபடி விரல்களுக்கடியில் அசைவு இல்லை.

"நீங்க இல்லக்கா" என்று முணுமுணுத்தாள் இஸ்திரிக்காரி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அவ வேற யாரோ. பாவி, உங்க தொண்டையைத் திருடிட்டுப் போயிருக்கா."

"முதல்ல ஓடு. குழந்தை காத்திட்டிருக்கு."

மருந்துக்குழலை முந்தானையில் பொத்திக்கொண்டு அவள் ஓடினாள். மைக் அக்கா கடை வாசலில் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளும் வீட்டுக்குத்தான் கிளம்பினாள்.

அப்போது முதுகுக்குப் பின்னால், கடைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"...இல்ல."

திரும்பிப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர், போனை நீட்டியபடியே, யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் அவரையே பார்த்தது.

மைக் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.