வல்லிநாயகம் வால்நட்சத்திரம்

ஸ்கேனர் மூடியின் இடுக்கில் வெள்ளை வெளிச்சம் அட்டைப்பூச்சி மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. வல்லிநாயகம் சார் போட்டோ ஸ்டூடியோவில் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எக்ஸ்ரே எடுத்துவிட்டு டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவனின் நிலைமை.

சார் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். முப்பது வருடங்களுக்கு முன் ஓர் ஆனி மாதம், குற்றாலத்து லாட்ஜ் மொட்டை மாடியில், கதவுக் கீல் போட்டு இணைத்த இரண்டு பலகைகளின் மேல் கேமராவை ஏற்றி, வானம் நகர்கிற வேகத்துக்குத் திருகாணியைக் கையாலேயே திருகித் திருகி, தனுசு ராசிப் பக்கத்து நெபுலா என்னும் வாயுமேகம் ஒன்றைக் கலர் பிலிமில் பிடித்தார். நெபுலா மங்கலாகத்தான் விழுந்தது. ஆனால் பிரிண்ட் போட்டபோது அதன் பக்கத்தில், வளைந்த வாலோடு, பளீரென்று ஒன்று. உலகத்தில் வேறு எவர் கண்ணிலும் படாத அந்த வால்நட்சத்திரத்துக்குத் தன் பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். அதன்பின் பள்ளி ஆண்டு விழா, கல்யாண வீடு என்று அது உதிக்காத இடமில்லை. ஒரு துஷ்டி வீட்டில், பாடை தூக்கும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க உதவியதும் உண்டு.

சனிக்கிழமை தென்காசியில் பாராட்டு விழா. 'வால்நட்சத்திரச் செம்மல்' பட்டம். மேடைக்குப் பின்னால் அந்தப் படம் பத்தடி அகலத்துக்கு வேண்டுமாம். அதற்குத்தான் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்துவந்து இந்த ஸ்கேன். விழா நடத்தும் மன்றத்தின் தலைவர் முகம்மது சலீம் போன வாரம் வெள்ளந்தியாகக் கேட்டார்.

"வேற தேசத்துல ஒருத்தனும் பாக்கலியா சார்? திருவனந்தபுரத்துலேருந்து வானத்தைப் படிச்சவங்க ரெண்டு பேரக் கூப்ட்டிருக்கேன்லா."

அன்றிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை. போஸ்ட்கார்டு அளவில் முப்பது வருடம் ஜொலித்தது, பத்தடியில் என்னவாக இருக்குமோ? அதுவும் படித்தவர்கள் முன்னால்.

வெளிச்சம் நின்றது. ஸ்டூடியோக்காரி ஆனந்தவள்ளி படத்தைத் திரையில் விரித்தாள். நட்சத்திரங்கள் இருந்தன. நெபுலா இருந்தது. வல்லிநாயகம் வால்நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு.

"எங்கம்மா போச்சு?" என்றார் சார்.

"எது சார்?"

"அது... வாலோட, வெள்ளையா."

"ஓ, அந்த அழுக்கா? பிலிமுக்கு மேல ஒட்டுன தூசி, நூலு எல்லாத்தையும் மிஷினே கண்டுபிடிச்சு அழிச்சிரும் சார். உள்ள பதிஞ்சத தொடாது. நட்சத்திரம் பூரா அப்படியே கெடக்கு, பாத்தீயளா?" சந்தோஷமாகச் சொன்னாள். "இல்லாட்டா அத்தனையையும் நான்லா உக்காந்து கையால தொடைக்கணும்."

"அத எடுக்காம ஓட்டு."

அவள் தூசி நீக்கும் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். வந்துவிட்டது. சாருக்குப் போன மூச்சும் வந்தது. ஆனால் அவள் கேட்காமலே பெரிதாக்கினாள். வால் முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு இழை. நுனியில் பிசிறு.

சாருக்குக் குற்றாலம் ஞாபகம் வந்தது. கழுவி வாங்கிய நெகட்டிவை லாட்ஜ் வாசலில், சாரலில், பொறுமையில்லாமல் தூக்கிப் பார்த்தது அவர்தான். நனைந்ததைக் கழுத்தில் கிடந்த ஈரிழைத் துண்டால் துடைத்ததும் அவர்தான். பிலிமின் பூச்சு நனைந்தால் பசைபோல் இளகி, பட்டதைப் பிடித்துக்கொள்ளும் என்று இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியதும் வேறு யாருமல்ல.

செல்போன் அலறியது. சலீம்.

"சார், திருவனந்தபுரத்துக்காரங்க படத்த இப்பவே பாக்கணும்னு சொல்லுதாங்க. அந்த ஸ்டூடியோப் பிள்ளைகிட்ட அனுப்பச் சொல்லுங்க. ஊரே பெருமைப்படுதுல்லா!"

திரையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"எத சார் அனுப்ப?" என்றாள் ஆனந்தவள்ளி. "அழுக்கோட உள்ளதா, அழுக்கில்லாததா?"

அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினார். ஒன்றுமே இல்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது. நெற்றியில் வேர்த்ததைத் துடைக்கத் தோள் துண்டை எடுத்தவர், முகத்துக்கு அருகில் அப்படியே நிறுத்தினார். அதிலிருந்து ஓர் இழை பிரிந்து, மெல்ல இறங்கி, ஸ்கேனர் மூடியின் மேல் வளைந்து படுத்தது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆனந்தவள்ளி அதை ஃபூ என்று ஊதினாள். இழை எழும்பியது. ஃபேன் காற்றில் அகப்பட்டு, வாலை நீட்டிக்கொண்டு, டியூப்லைட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. போனில் சலீம், "சார்? சார், இருக்கீயளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.