தயாவதி நிரப்பிய இரண்டு விண்ணப்பங்கள்

திரிசலாவும் தயாவதியும் பத்து நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். 1969ஆம் வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்தபோது அந்த இடைவெளி ஐம்பத்திரண்டு மார்க்காகியிருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் நெல் மண்டி வைத்திருந்த அப்பா தர்மசந்திரன், கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் திரிசலாவின் மார்க்கைத்தான் சொன்னார். தயாவதியைப் பற்றிக் கேட்டால், "அவளும் பாஸுதாம்பா" என்பார்.

இருவரும் ஒரே கல்லூரியில் பி.யு.சி. சேர்வதாக ஏற்பாடு. இருவருக்கும் கணக்குப் பிரிவுதான் ஆசை. கையெழுத்து அழகாக இருக்கும் என்று இரண்டு விண்ணப்பங்களையும் தயாவதியிடம் கொடுத்தார் அப்பா. அவளிடம் அவர் மெச்சிய ஒரே விஷயம் அதுதான்.

தன்னுடையதில் 'கணிதம்' என்று எழுதினாள். திரிசலாவுடையதில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு 'வரலாறு' என்று எழுதியது. திரிசலா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

இன்டர்வியூ அன்று பிரின்சிபால் திரிசலாவின் விண்ணப்பத்தை எடுத்தார்.

"இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஹிஸ்டரியாம்மா? கணக்குல ஒரே ஒரு சீட்தான் பாக்கி. நீ கேட்டா உனக்குத்தான். இல்லைன்னா உன் தங்கைக்குப் போகும்."

அப்பா விழித்தார். திரிசலா குனிந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அழகான கையெழுத்து. நிமிர்ந்து தங்கையை ஒரே ஒரு முறை பார்த்தாள்.

"ஆமா சார். எனக்கு ஹிஸ்டரிதான் புடிச்சிருக்குது."

வெளியே அப்பா முன்னால் போய்விட்டார். தெருவில் நெசவுக்காரர்கள் தறிக்கான பாவு நூலை நீளமாகக் கட்டியிருந்தார்கள். இருவரும் ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றாள் தயாவதி.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா உன்னை வூட்டோட நிறுத்திடுவாரு. அதான். உன் மேல பாசம்னு நெனச்சுக்காதே. கொஞ்ச நாளைக்கு எங்கிட்டப் பேசாதே."

தயாவதிக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. விட்டுக்கொடுப்பதிலும் இவள்தான் முதலா என்று வயிறு எரிந்தது.

ஜூலையில் வகுப்பு தொடங்கியது. முதல் பரீட்சையில் தயாவதிக்கு நூற்றுக்குப் பதினேழு. தாளை மடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். எதிர் வகுப்பில் திரிசலா எழுந்து நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேண்டாத பிரிவில் தள்ளிவிடப்பட்டவளின் சிரிப்பாக அது இல்லை. ஹிஸ்டரியே நமக்குக் கிடைத்திருக்கலாமே என்று தயாவதி நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கே தன் மேல் வெறுப்பு வந்தது.

அன்று சாயங்காலம் திரிசலா, ஒரு வார்த்தை பேசாமல், தங்கையின் விடைத்தாளை இழுத்து, அதில் தப்பாயிருந்த கணக்குகளை ஒரு தனித்தாளில் வரிசையாகப் போட்டு, அவள் பக்கம் தள்ளிவைத்தாள். எல்லாம் சரியாக இருந்தன.

தயாவதி அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். வேறு தாள் எடுத்து, முதல் கணக்கைத் தானே போட ஆரம்பித்தாள்.