விருந்தாளிக் கம்பு

ஐம்பத்தோராம் வருஷம் மார்கழி மாதத்திலிருந்து புங்கமேட்டுக் கன்னியம்மாவின் காலடித் தடங்கள் காய்வதை நிறுத்திவிட்டன. காலையில் அவள் நடந்துபோன தடம் மறுநாள் உச்சி வெயிலிலும் சொதசொதவென்று கிடந்தது. அந்த வருஷம் செங்கல்பட்டுச் சீமையில் ஏரிகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன, வைக்கோல் விலை எகிறியது, திருக்கழுக்குன்றம் சந்தையில் உழவு மாட்டை ஆட்டு விலைக்குக் கேட்டார்கள். இதையும் அதோடு ஒன்றாக ஊர் எடுத்துக்கொண்டது. செங்கல்பட்டில் தானியக் கடை வைத்திருந்த அமானுல்லா மட்டும், அவள் வந்து நின்ற இடத்தில் சிந்திக் கிடந்த உளுந்து மறுநாளே முளைவிட்டதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இனிமே வெளியவே நின்னு கேளு, மூட்டையெல்லாம் பாழாப் பூடும்" என்று சொல்லிவைத்தார். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்று கன்னியம்மாவுக்குத் தெரியும்.

அந்தப் புரட்டாசியில் தர்மராஜ் என்கிற விவசாய உத்தியோகஸ்தர் சைக்கிளில் வந்திருந்தார். மழை ஏமாற்றினாலும் சோறு போடுகிற பயிர் எது என்று கண்டுபிடிக்க அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. கன்னியம்மாவின் புருஷன் கண்ணாயிரத்தின் மணல் மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு நிலம் பிடித்து, ஒன்றில் ஊரில் வழக்கமாக விதைக்கும் நாட்டுக் கம்பும், மற்றதில் வடக்கே மணற்காட்டுச் சீமையிலிருந்து ரயிலேறி வந்த கம்பும் போடச் செய்தார். "முளைச்ச பிறகு ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. சாகறது சாகட்டும். எது தாங்குதுன்னு தெரிஞ்சாத்தான் நாலு ஊருக்கு விதை குடுக்கலாம்" என்றார். கண்ணாயிரம் தலையாட்டினான். பின்னால் நின்ற கன்னியம்மாவும் ஆட்டினாள்.

ஆட்டினாளே தவிர மனசு கேட்கவில்லை. அவள் பிறந்து வளர்ந்த பக்கத்தில் ஜென்மப் பகையாளி வாசலில் வந்து நின்றாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், அப்புறம்தான் வந்த விஷயம். எத்தனையோ நாள் ரயிலில் கிடந்து வந்த வடக்கத்திக் கம்பு இலையைச் சுருட்டிக்கொண்டு அவள் கண்ணெதிரே வாடியது. நாட்டுக் கம்பும்தான் வாடியது, ஆனால் அது வீட்டுப் பிள்ளை, பொறுத்துக்கொள்ளும். விளக்கு வைக்கிற நேரத்தில் கிணற்றிலிருந்து வரும்போதெல்லாம் விருந்தாளியின் வேரில் சொம்பு சொம்பாக ஊற்றிவிட்டு வந்தாள். "இன்னாடி, கொடத்துல பாதிதான் கீது?" என்பான் கண்ணாயிரம். "கெணத்துல கீறதுதான வரும்?" என்பாள். அந்த மனுஷனும் நம்பினான், பாவம்.

மார்கழியில் வடக்கத்திக் கம்பு முழம் நீளக் கதிரோடு நின்றது. நாட்டுக் கம்பு விரல் நீளம்தான். தர்மராஜ் இரண்டு துண்டிலும் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், ஊரைக் கூட்டினார், "யாரும் தண்ணி காட்டலையே?" என்று கேட்டார். கன்னியம்மா "இல்லீங்க" என்றாள். மேலதிகாரி வந்து கைதட்டினார், கண்ணாயிரத்துக்கு மாலை விழுந்தது. அவள் வீட்டுக்குத் திரும்பி நடந்தபோதுதான் தடம் முதன்முதலாக ஈரமானது. அதன்பின் புங்கமேட்டுக்கு வரும்போதெல்லாம் தர்மராஜ் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊர் மண்டபக் கல்லில் ஊன்றியபடியே பேசிவிட்டுப் போனார். உத்தியோகத் தோரணை என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அடுத்த வருஷம் அந்த விதை சுற்றுவட்டாரத்துக்குப் போனது. கன்னியம்மாவின் தங்கை வேண்டா வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் போனது. பெண்பிள்ளை போதும் போதும் என்று பேர் வைக்கப்பட்டவள் அவள். அக்கா நிலத்தில் விளைந்ததாயிற்றே என்று வீட்டில் பத்திரமாயிருந்த நாட்டு விதையைக் கூழ் காய்ச்சிக் குடித்துவிட்டு, இருந்த நிலம் முழுக்கப் புதுக் கம்பை விதைத்தார்கள். அது முழங்கால் உயரம் வருவதற்குள் கருகியது. வேண்டா வீட்டைப் பூட்டிக்கொண்டு, புருஷன் பிள்ளைகளோடு மாமல்லபுரத்துப் பக்கம் கல்லுடைக்கப் போனாள். போகிற வழியில் அக்கா வாசலில் நின்று, "ஒன் நெலத்துல மட்டும் எப்படிக்கா வெளஞ்சுது?" என்று கேட்டாள். கன்னியம்மா கூழ் கரைக்க உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம், பூமி பிளந்து விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

கூழ்ப் பானையைத் தூக்கிக்கொண்டு அவள் அடிக்கடி கல்லுடைக்கிற இடத்துக்கு நடந்தாள். போன வழியெல்லாம் ஈரம். கல்லுடைக்கிற பெண்கள் அந்தத் தடத்தில் முந்தானையை ஒற்றி முகம் துடைத்துக்கொண்டார்கள். வேண்டாவும் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கத்தான் கன்னியம்மாவால் முடியவில்லை.

ஐம்பத்து மூன்றில், கருகியதெல்லாம் விதைத்தவர்கள் தப்பென்று கணக்கு எழுதிவிட்டு, ராமநாதபுரத்து வறண்ட ஊர்களுக்கு அதே விதையை அனுப்ப மண்டபத்தடியில் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், தர்மராஜ் சைக்கிளில் இருந்தபடியே எண்ணிக்கொண்டிருந்தார். கன்னியம்மா மாட்டுக்கு முன்னால் போய் நின்றாள். "அய்யா, அது தானா பொழைக்கல. நாந்தான் ஊத்துனேன். வெளியூர்ல இருந்து வந்ததாச்சே, ஒரு சொம்பு தண்ணி குடுக்காம எப்படின்னு ஊத்திப்புட்டேன். எந்தங்கச்சி வூட்டையே அழிச்சிட்டேன், இன்னும் யாரு வூட்டையும் அழிக்காதீங்க." கண்ணாயிரம் மண்டபத்து நிழலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

தர்மராஜ் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சைக்கிளை விட்டு இறங்கினார். அவர் வண்டிக்கு நடந்துபோன சப்பாத்துத் தடங்கள் ஒவ்வொன்றிலும் ஈரம் ஊறி நின்றது. "அன்னிக்கு வேரைப் பிடுங்கினப்பவே தெரியும்மா. மண்ணு நனைஞ்சிருந்துச்சு" என்றார். மூட்டைகள் இறங்கின.

அந்தப் புரட்டாசியில் மறுபடி விதைத்தார்கள். கன்னியம்மா சொம்பைப் பரணில் போட்டுவிட்டு, நிலத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். வடக்கத்திக் கம்பு கருகி விழுந்தது. நாட்டுக் கம்பு அதே விரல் நீளக் கதிரோடு நின்றது, கதிரில் மணி இருந்தது. அந்த மணிகள்தான் ஊர் ஊராகப் போயின.

கல்லுடைப்பை விட்டு ஊர் திரும்புகிற வழியில் விதை வாங்க வேண்டாவும் வந்தாள். கன்னியம்மா பரணிலிருந்து சொம்பை இறக்கி, துலக்கி, தண்ணீர் மொண்டு இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எனுக்கு எதுக்குக்கா சொம்பு?" என்றாள் வேண்டா. "நா இன்னா வடக்கத்திக் கம்பா?"

கன்னியம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. வேண்டா அவளைத் தாண்டி உள்ளே போய், பானையில் தானே மொண்டு குடித்துவிட்டு, விதையை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தடம் அதற்குப் பிறகும் காயவில்லை. கொல்லையில் கன்னியம்மா நடந்த குழிகளில் பெரியம்மா வீட்டுக்கு வந்த வேண்டாவின் பிள்ளைகள் அவரை விதை ஊன்றினார்கள், நன்றாகவே காய்த்தது. வெளியூர்க்காரர் வழி கேட்டால் புங்கமேட்டில் இப்படித்தான் சொல்வார்கள்: "ஈரத்தப் புட்சிகினே போ, கன்னியம்மா வூடு வந்துடும்."