மேகம் வடக்கே, சுழி தெற்கே

கணவன் எழுந்து விட்ட நாற்காலியில் மனைவி உட்கார்ந்தாள். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. இந்தத் தம்பதி வீட்டில் ஒன்றாக இருந்ததைவிடப் புயல் கண்காணிப்பு அறையில் ஷிப்ட் மாறும்போது முகம் பார்த்துக்கொண்டதுதான் அதிகம் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். பொய்யில்லை. இரவு அவனுடையது, பகல் அவளுடையது.

"மையம் துறைமுகத்துக்கு நேரா இருக்கு. மேகம் நல்லா கட்டிடுச்சு. சாயங்காலம் கரையத் தொட்டுடும்" என்று பையைத் தோளில் மாட்டியபடி சொன்னான். "அப்புறம், கேஸ் தீர்ந்துபோச்சு. புக் பண்ணிட்டேன்."

அவனுக்கு அந்த அறையில் கழுகு என்று பெயர். செயற்கைக்கோள் படத்தில் பஞ்சு மூட்டை மாதிரி கிடக்கும் மேகத்துக்குள் புயலின் மையம் எது என்று பார்த்தவுடன் புள்ளி வைத்துவிடுவான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவளுக்குத் தனியாகப் பெயர் கிடையாது. கழுகு வீட்டம்மா, அவ்வளவுதான். அவனுக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள் அவள், அவனுக்குப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அந்தப் பெயரைக் கேட்டு அவள் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது?

இரவில் செயற்கைக்கோளுக்குப் பாதிக் கண்தான். சூட்டையும் குளிர்ச்சியையும் வைத்துத்தான் அது படம் எடுக்கும். உயரத்தில் இருக்கும் குளிர்ந்த மேகம் பளிச்சென்று தெரியும். கடலை ஒட்டி ஓடும் தாழ்ந்த மேகம் கடலின் சூட்டிலேயே இருப்பதால் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துபோகும். வெயில் ஏறிய பிறகு வரும் முதல் பகல் படத்தில்தான் அதெல்லாம் தெரியும். ரேடார் பழுதாகிப் பல மாதங்கள் ஆகிவிட்டதால் அந்த அறைக்குப் படத்தை விட்டால் வேறு கதியும் இல்லை.

முதல் பகல் படம் அவன் கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். வடக்கே, அவன் சொன்ன இடத்தில், மலை போல மேகம். அதன் தெற்கு விளிம்புக்கு வெளியே, யாரும் பார்க்காத வெறும் கடலில், சின்னச் சின்ன மேகக் கீற்றுகள் பாலைக் கலக்கும்போது ஏடு சுற்றுகிற மாதிரி ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன.  மேல்காற்று மேகத்தை மட்டும் வடக்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. புயலின் மையமான சுழி தெற்கேயே தங்கிவிட்டது. அது துறைமுகத்துக்கு நேரே இல்லை, தெற்கே ஆறு கடலில் கலக்கும் ஆற்று முகத்து ஊருக்கு நேரே இருந்தது.

துறைமுகத்து ஜனங்களை நேற்றிலிருந்து பஸ் பஸ்ஸாக ஏற்றி அந்த ஆற்று முகத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, ஒரு நிமிஷம் வாங்களேன்."

அவன் ஒரு காலில் செருப்போடு வந்து குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"இது ஓரத்துல வர்ற குட்டிச் சுழி. புயலுக்குப் பக்கத்துல இப்படி நாலு சுத்தும். அடுத்த படம் வரட்டும்."

"அடுத்த படத்துக்கு அரை மணி ஆகும். கடைசி பஸ் தாண்டினதும் ஆத்துப் பாலத்த மூடப் போறாங்க. அப்புறம் போனவங்க போனவங்கதான், திரும்ப முடியாது."

"ராத்திரி பூரா பார்த்தவன் நான்."

"ராத்திரி பூரா நீங்க மேகத்தப் பார்த்தீங்க. கடல்தண்ணி என்ன மேகம் இருக்கிற பக்கமா ஏறுது? சுழி இருக்கிற பக்கம்ல ஏறுது."

அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள் இல்லை அவன். வேறு யாராவது வைத்த புள்ளியாக இருந்தால், இந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவனே மாற்றியிருப்பான். அவன் ஏன் பார்க்க மறுக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். துறைமுகத்தில் குடியிருந்த அவன் அம்மாவை, வரமாட்டேன் என்று அடம்பிடித்தவரை, நேற்று மதியம் கெஞ்சிக் கூத்தாடி அவன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்ததே அவன்தான். அக்கா வீடு ஆற்று முகத்து ஊரில் இருந்தது. பெற்ற தாயைத் தன் கையாலேயே புயலின் வாய்க்குள் அனுப்பிவிட்டோம் என்று ஒரு மனுஷன் எப்படி ஒரே பார்வையில் நம்புவான்? அவன்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. பயம்தான் வந்தது. தான் சொல்வது தப்பாகிவிட்டால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? ஊர் முகத்தில் எப்படி விழிப்பது? அதற்குப் பயந்து சும்மா இருந்துவிட்டு, இது சரியாகிவிட்டால்?

புள்ளியைத் தெற்கே நகர்த்தினாள். அறிக்கையை மாற்றி எழுதி, செய்தி அனுப்புகிறவரிடம் நீட்டினாள். தந்தி ஒழிந்து எத்தனையோ காலமாகியும் அவரைத் தந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். தந்தி அதைப் படித்துவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"சார் பார்த்துட்டாரா?"

"ஷிப்ட் என்னோடது. அனுப்புங்க."

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று யாரைச் சொன்னார் என்று தெரியாதபடி முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார். அது போன கொஞ்ச நேரத்திலேயே நிவாரண அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"என்ன மேடம், விளையாடுறீங்களா? பாதி ஊரக் கொண்டுவந்து இங்க இறக்கியாச்சு. மறுபடி ஏத்தி மேட்டுப் பக்கம் கொண்டுபோகணுமா? இங்க ஒண்ணும் வரலன்னா, புலி வருது புலி வருதுன்னு கத்தின கதையாயிடும். அப்புறம் எந்த ஜென்மத்துலயும் எவனும் பஸ் ஏறமாட்டான். சார் இருக்காரா? அவர் என்ன சொல்றாரு?"

அவளுக்குச் சுருக்கென்றது. என்றாலும் ரோஷம் பார்க்கிற நேரமா அது? போனைக் கணவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். கண் திரையில் அந்தச் சுழியிலேயே இருந்தது. அதிகாரியின் 'சார், சார்' என்ற குரல் வெளியே வரை கேட்டது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். தப்பை ஒப்புக்கொள்ளப்போவதில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

"நான் வெச்ச புள்ளி தப்பு சார்" என்றான். "அவங்க சொல்றதுதான் சரி. பாலத்த மூடாதீங்க, எல்லாரையும் வெளிய எடுங்க. எங்கம்மாவும் அங்கதான் இருக்காங்க."

போனை வைத்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.  தன் கைப்பேசியில் அம்மாவைக் கூப்பிட்டான். மாமியாரின் குரல் எப்போதும் ஒலிபெருக்கிதான், தனியாக வேறு போட வேண்டியதில்லை.

"இங்க வெயில் பளபளன்னு அடிக்குதுடா! துணி காயப் போட்டிருக்கேன். நேத்து நீதான இங்க போன்னு உயிர எடுத்தே? இன்னைக்கு யார் சொல்றா? அவளா?"

"அம்மா, பஸ் வரும். அக்காவக் கூட்டிக்கிட்டு ஏறும்மா. கேள்வி கேக்காதே."

 தந்தி டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போயிற்று.

அடுத்த படம் வந்தது.

சுழியைக் காணவில்லை. வடக்கு மேகத்திலிருந்து மெல்லிய வெண்மேகம் கிளம்பித் தெற்கே மொத்தமாகப் படர்ந்திருந்தது. அவள் பெரிதாக்கினாள், வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். புள்ளி வைத்த இடத்தில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. சுழி அங்கேதான் அடியில் சுற்றுகிறதா, அல்லது அவன் சொன்ன மாதிரி குட்டிச் சுழியாக இருந்து செத்துவிட்டதா, கடவுளுக்கே வெளிச்சம். 

அவன் கைப்பேசி அடித்தது.

"டேய், பஸ் வாசல்ல நிக்குதுடா. டிரைவர் கத்துறான். உங்கக்கா கதவப் பூட்டமாட்டேங்கிறா, வானம் இப்படி இருக்கே, எதுக்கும் இன்னொரு தடவ கேளுங்கிறா. ஏறவா, வேண்டாமா? ஒரே வார்த்தை சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். திரையைப் பார்த்தான். பிறகு கைப்பேசியை அவளிடம் கொடுத்துவிட்டான்.

"அத்தை" என்றாள் அவள். "ஏறுங்க அத்தை."

 மறுமுனையில் நின்றிருந்த பஸ்ஸின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. திரையில் அந்த ஊர் இருந்த இடம் துவைத்துப் போட்ட வேட்டியாக வெள்ளையாய்க் கிடந்தது.