மதுவின் சொந்த ஊர்

பருப்பு பிசைந்த சோற்றை உருட்டி உருட்டிப் பிள்ளைகளின் வாயில் வரிசையாக ஊட்டிக்கொண்டிருந்தாள் வீராயி. டெல்லியில் அந்தக் காப்பகத்துக்கு ஆயாவாக வந்ததிலிருந்து கை ஓய்ந்தாலும் அவள் வாய் ஓய்ந்ததில்லை. பிள்ளைகளிடம் இந்தியில்தான் பேச வேண்டும் என்று சூப்பரின்டெண்ட் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான இந்தி அவளிடம் இருந்தது. கொஞ்சுவதற்கு அது பத்தவில்லை, அவள் என்ன செய்வாள்.

மது வந்தபோது பேச்சே கிடையாது. பஸ் நிலையத்தில் பெஞ்சுக்கு அடியில் கிடந்த பிள்ளையைப் போலீஸ் கொண்டுவந்து விட்டது. இரண்டு வயது இருக்கலாம். பெயரும் காப்பகத்தில் வைத்ததுதான். இந்திப் பேப்பரில் படம் போட்டும் யாரும் தேடி வரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையை வீராயி இடுப்பை விட்டு இறக்கவில்லை. துணி அலசும்போதும் பாத்திரம் கழுவும்போதும் தன் கள்ளக்குறிச்சிக் கதையையெல்லாம் அதனிடம் அளந்தாள். வருஷம் ஒன்று போனபின் ஒருநாள் மது, "ஆயா, சோறு சுடுது" என்றது. வீராயி எச்சில் கையோடு அதை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தப் பேச்சுதான் வினையாயிற்று. தமிழர்கள் நிறைந்த மயூர் விஹாரிலிருந்து, பிள்ளைகளிடம் பேசி ஆறுதல் சொல்லும் கவுன்சிலராகப் புதிதாக வந்த மாதங்கியிடம் மது தமிழில் வளையல் கேட்டது. மாதங்கி உருகிப்போனாள். தமிழ்நாட்டுக் குழந்தை, வழிதவறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று குழந்தைகள் நலக் கமிட்டிக்கு எழுதினாள். பிள்ளையைச் சொந்த மாநிலத்துக் காப்பகத்துக்கு மாற்றும்படி உத்தரவு வந்த பிறகுதான் வீராயிக்கு விஷயமே தெரியும்.

"அது தமிழ்ப் புள்ள இல்லம்மா. நான் பேசிப் பேசி வந்த பேச்சும்மா அது."

மாதங்கிக்கு முகம் வெளுத்தது. போனை எடுத்தவள் மறுபடி மேஜையில் வைத்தாள். "ஆர்டர் ஆயாச்சு வீராயி. இப்போ போய்த் தப்புன்னு எப்படிச் சொல்றது? அங்கேயும் நன்னாத்தான் பாத்துப்பா."

"பெத்தவ தேடிக்கிட்டு வந்தா, இந்த ஊருக்குத்தானம்மா வருவா?"

மாதங்கி ஃபைலை மூடிக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். சூப்பரின்டெண்டோ, இந்தியில் பேசச் சொன்னேனா இல்லையா என்று மட்டும் கேட்டார். இனி வாயைத் திறந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றார்.  பாழாய்ப்போன வாய், பாழாய்ப்போன வாய் என்று வீராயி தன்னையே திட்டிக்கொண்டாள்.

கூட்டிப்போக வந்த பெண் போலீஸுக்கு இந்தி மட்டும்தான் தெரியும். ரயிலோ ஒரு பகல், ஓர் இரவு, அதற்கு மேலும் ஓடும். வீராயி மதுவுக்குப் புதுக் கவுனை மாட்டி, பித்தான் போட்டபடியே சொல்லிக்கொடுத்தாள்.

"தாகம் எடுத்தா பானின்னு கேக்கணும். சொல்லு கண்ணு, பானி."

மது உதட்டைப் பிதுக்கியது. "சொன்னா நீ வருவியா?"

பிள்ளை தொண்டை வறண்டு கிடக்கக் கூடாதே என்று வீராயி, "வருவேன்" என்றாள்.

"பானி" என்றது மது.

ஸ்டேஷனுக்குப் போகும் வேனில் மதுவை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். வீராயி வெளியிலேயே நிற்பதைப் பார்த்ததும் மது இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்து, "பானி" என்றது. போலீஸ்காரி சிரித்துக்கொண்டே பாட்டிலைத் திறந்து நீட்டினாள். மது அதைத் தட்டிவிட்டது. கவுனெல்லாம் தண்ணீர். வேன் கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை, வீராயியைப் பார்த்து, "பானி, பானி" என்று அலறிக்கொண்டே போனது.