புனலில் நின்ற எண்ணெய்

பேத்தி பிறந்த ஐந்தாம் நாள், நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். டாக்சி பிடிக்கிறேன் என்றான் மருமகன். "எதுக்கு, என் வண்டி செத்தா போச்சு?" என்று லிங்கராஜ் வாயைக் கொடுத்துவிட்டார்.

செத்துத்தான் போயிருந்தது. இருபத்தைந்து வருஷத்து மாருதியில் பின்சக்கர பிரேக் சிலிண்டர் இரண்டும் ஒழுகின. மெக்கானிக் நாகர்கோவிலில் கல்யாண வீட்டில் இருந்தான். போனில் அவனைக் கேட்டுக் கேட்டு லிங்கராஜே சிலிண்டர்களை மாற்றிவிட்டார். ஏர் எடுப்பதுதான் பாக்கி. குழாயில் காற்று நின்றால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது.

"அண்ணாச்சி, அரை லிட்டர் எடுத்தோ. கால் லிட்டர் திகையாது, பத்தாது கேட்டோ," என்றாள் உதிரிபாகக் கடை ஷெமி, பிரேக் ஆயில் வாங்கப் போனபோது. சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷமாக நல்லெண்ணெய் விற்கிறவரிடமா இது பலிக்கும்? 'பெரிசா எடுங்க' என்று அவரே தினம் ஐம்பது பேரிடம் சொல்கிறவர். கால் லிட்டரோடு நடையைக் கட்டினார்.

டிரைவர் சீட்டில் மனைவி கௌசல்யா. இடது பின்சக்கரத்தடியில் அவர். சிலிண்டரில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை ஊறுகாய் பாட்டிலுக்குள் கிடந்தது.

"அமுக்கு. விடு. அமுக்கு. விடு. அமுக்கிப் பிடி."

நிப்பிளைத் தளர்த்தினார். அது எண்ணெயையும் குமிழியையும் துப்பிற்று. முறுக்கினார். "விடு."

முன்னால் பானெட்டுக்குள் இருந்த பிரேக் ஆயில் டப்பாவில் எண்ணெய் இறங்க இறங்க எழுந்துபோய் நிரப்பினார். மணி இரண்டரை ஆயிற்று. குமிழி ஓயவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்றார், மூன்று என்றார், ஐந்தில் வந்து நின்றார். அதற்குமேல் கட்டாது.

கௌசல்யா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "அந்த ஊறுகா பாட்டில்ல விழுந்ததயா திரும்ப ஊத்துதிய?"

"பின்னே? கடையில புனல்ல நின்ன எண்ணெய ஓடையிலயா விடுதோம், எட்டி?"

"நுரையோட ஊத்துனா காத்தும் கூடத்தான போவும்?"

லிங்கராஜ் பாட்டிலைப் பார்த்தார். கீழே பிடித்த காற்றை மேலே ஊற்றி, ஊற்றிய காற்றைக் கீழே பிடித்திருக்கிறார், இரண்டு மணி நேரமாக. செருப்பை மாட்டினார்.

அவர் கடைப் படியேறும்போதே ஷெமி அரை லிட்டர் டின்னை எடுத்து வைத்துவிட்டாள். "ஒரு மணிக்கே வருவீங்கன்னு நெனச்சேன், அண்ணாச்சி."

சொன்ன விலைக்கு அவர் வாங்கியது அதுவே முதல்தடவை.

புது எண்ணெயில் அரை மணி நேரம்தான். இரண்டு சக்கரத்திலும் குமிழியில்லாமல் ஓடிற்று. "கல்லு மாதிரி நிக்கி," என்றாள் கௌசல்யா. அவரும் மிதித்துப் பார்த்தார். தெருமுனைவரை போய், நான்கு இடத்தில் நிறுத்தியும் பார்த்தார்.

நாலரைக்கு, பின்சீட்டில் மகள் சுஜாவின் மடியில் பேத்தி. பழவங்காடித் திருப்பத்தில் ஒரு ஆட்டோ சட்டென்று குறுக்கே வளைந்தது. மிதித்தார். ஆட்டோவுக்கு ஒரு முழம் முன்னே வண்டி நின்றது. பேத்தி உறக்கத்திலேயே ஒரு கொட்டாவி விட்டாள், அவ்வளவுதான்.

பக்கத்து சீட்டில் கௌசல்யா, அங்கே இல்லாத பெடலை இன்னும் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"இனி விடு," என்றார்.

எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டு, அவர் மட்டும் பழவங்காடிக்குத் திரும்பிப்போய் ஆறு தேங்காய் உடைத்தார். ஆறாவது, ஷெமி பேச்சைக் கேட்காததற்கு.